கூலி வாங்கினோம், சவுக்கை மெச்சக் கடன்படவில்லை

(திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலைக்கோட்டை உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் ஆகாய விமானம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று இங்கிருந்தே போகிறது. அதில் ஏறுகிறவர்கள் மந்திரி வீட்டுப் பிள்ளைகளோ மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளோ அல்ல. கொத்தனார், வெல்டர், பிட்டர், கம்பி கட்டுகிறவன், சாரம் கட்டுகிறவன். லால்குடியிலும் முசிறியிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் நடவும் அறுப்பும் பார்த்த கைகள்தான் அந்த விமானத்தில் போகின்றன.

போனவன் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். டீக்கடையில் நாலு பேர் சுற்றி உட்காருகிறார்கள். அவன் சொல்கிறான்: "அங்கேயெல்லாம் சட்டம் என்றால் சட்டம்தான். தப்புப் பண்ணினால் பிரம்படி, இல்லாவிட்டால் தூக்கு. அதனால்தான் ஊர் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. இங்கேயும் அப்படி நாலு பேரைத் தோலை உரித்தால்தான் நாடு உருப்படும்!" சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம், நாலு எழுத்துப் படித்தவர்கள் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறார்கள். "தலையை வெட்டுகிற நாட்டிலும் சவுக்கால் அடிக்கிற நாட்டிலும் போய் வேலை செய்யலாமா? மனச்சாட்சி உள்ளவன் அந்தக் காசைத் தொடுவானா?" என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுமே தப்பு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பிரம்படியைப் பார்ப்போம். சிங்கப்பூரில் பிரம்படி என்பது வாத்தியார் கையில் கொடுக்கிற அடி அல்ல. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆணை மரச்சட்டத்தில் குனியவைத்துக் கட்டி, அதற்கென்று பழக்கிய ஆள் முழு பலத்தோடு அடிப்பது. ஒரே தடவையில் 24 அடி வரை போடலாம். தோல் கிழியும். தழும்பு சாகும் வரை போகாது. பெண்களுக்கு இந்தத் தண்டனை கிடையாது.

யாருக்கு விழுகிறது இந்த அடி? கொள்ளைக்காரனுக்கு விழுகிறது, பலாத்காரம் செய்தவனுக்கு விழுகிறது, உண்மை. ஆனால் 1989ல் அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதிக்காலம் முடிந்து 90 நாளுக்குமேல் தங்கிவிட்டவனுக்குச் சிறையோடு குறைந்தது 3 பிரம்படி என்று எழுதினார்கள். அவன் யாரையும் கொல்லவில்லை, எதையும் திருடவில்லை. ஏஜெண்டிடம் வாங்கிய கடன் அடையவில்லை, வெறுங்கையோடு ஊருக்குப் போக முகமில்லை, அதனால் தங்கிவிட்டான். அதற்கு முதுகிற்குக் கீழே மூன்று தழும்பு! பெரிய கம்பெனி மானேஜருக்கு இந்த நிலைமை வருமா? அவருடைய அனுமதிச்சீட்டை அவர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஆகவே, டீக்கடையில் பிரம்பை மெச்சுகிற தம்பி ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறான். அந்தப் பிரம்பு யாருக்காக எண்ணெய் போட்டு வைக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கூட்டத்தில்தான் அவனும் இருந்தான்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சிங்கப்பூர் லிட்டில் இந்தியா. வாரம் பூராவும் உழைத்துவிட்டுச் சாமான் வாங்கவும், சொந்த ஊர்க்காரனைப் பார்க்கவும் நம் ஆட்கள் கூடுகிற இடம். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போன 33 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர், தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிப் போகிற பஸ்ஸின் சக்கரத்தில் விழுந்து செத்தார். கூட்டம் கொதித்தது. போலீஸ் வண்டியையும் ஆம்புலன்ஸையும் எரித்தது. எரித்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸை எரிப்பவன் நாளைக்குத் தனக்கு வரவேண்டிய ஆம்புலன்ஸைத்தான் எரிக்கிறான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 25 பேர்மீது வழக்கு. சிலருக்குச் சிறையோடு பிரம்படி. இன்னும் 57 பேரைக் கோர்ட்டு வாசலுக்கே கொண்டுபோகாமல் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். வழக்கில்லை, சாட்சியில்லை, தீர்ப்பில்லை, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கடன் மட்டும் அவர்களுக்கு முன்னாலேயே ஊரில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது.

"அடி இருப்பதால்தான் ஒழுங்கு" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஹாங்காங்கும் துறைமுகப் பட்டணம்தான், அங்கும் சீனர்தான் பெரும்பான்மை, அதையும் பிரிட்டிஷ்காரன்தான் ஆண்டான். அங்கே 1966க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. 1990ல் பிரம்படியை ஒழித்தார்கள், 1993ல் தூக்கையே சட்டத்திலிருந்து எடுத்தார்கள். அங்கே ராத்திரியில் ஜனங்கள் தெருவில் நடக்க முடியாமல் போயிற்றா? ஒழுங்குக்குச் சம்பளம் வேண்டும், வீடு வேண்டும், லஞ்சம் வாங்காத அதிகாரி வேண்டும். சிங்கப்பூரில் ஊர் ஒழுங்காக இருப்பதற்கு இதெல்லாம் காரணம். பிரம்பு மட்டும் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது!

இந்தப் பிரம்பு ஏதோ அந்த மண்ணில் முளைத்த பிரம்பு என்றும் நினைக்காதீர்கள். 1871ல் பிரிட்டிஷார் அங்கே எழுதிய தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. இங்கே நமக்கும் 1864லேயே கசையடிச் சட்டம் என்று ஒன்று போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1955ல் இந்தியா அதை ஒழித்தது. அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம் தூக்கி எறிந்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

தூக்கி எறிந்தது சும்மா நடக்கவில்லை. சட்டப் புஸ்தகத்தில் இல்லாத சவுக்கு ஒன்று இந்தக் காவேரிக் கரையிலேயே இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களின் பாட்டன்மார் முதுகைக் கேட்டால் சொல்லும். கீழத் தஞ்சையில் பண்ணையாள் விடியற்காலம் நேரம் தப்பி வந்தால் சவுக்கடி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும்! "இப்படிக் கண்டிப்பு இருந்தால்தான் பள்ளனும் பறையனும் ஒழுங்காக வேலை செய்வான்" என்று மிராசுதார்கள் சொன்னார்கள். சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்: ஒழுங்கு! 1940களில் பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற தோழர்களும் சேரி சேரியாகப் போய், "அடித்தால் திருப்பிக் கேள்" என்று சொன்னார்கள். கேட்டார்கள். சவுக்கு கீழே விழுந்தது. அந்தப் பாட்டனின் பேரன் சிங்கப்பூர் போய்வந்து, "சவுக்கு இருந்தால்தான் நாடு உருப்படும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரவில்லை, வயிறு எரிகிறது.

இனி, "அந்த நாட்டுக்குப் போகவே கூடாது" என்கிறவர்களிடம் வருகிறேன்.

நாம் போனது நேற்று இன்றல்ல. 1904ல் சிலோன் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் சேர்ப்பதற்காக சிலோன் லேபர் கமிஷன் என்று ஒரு ஆபீஸ் ஏற்பட்டது. அதன் தலைமையிடம் எங்கே தெரியுமா? கொழும்பில் அல்ல, இதே திருச்சிராப்பள்ளியில்! பஞ்சத்தில் அடிபட்டவனைத் தேடி அவர்கள் இங்கேயே கடை விரித்தார்கள். கங்காணி கிராமத்துக்கு வந்தான், முன்பணம் கொடுத்தான், தகரச் சீட்டு கொடுத்தான், மன்னாருக்குக் கப்பலேற்றினான். அங்கே போனால் என்ன சட்டம்? 1865ஆம் வருஷத்துச் சட்டம். நோட்டீஸ் கொடுக்காமல் தோட்டத்தைவிட்டுப் போனால் தொழிலாளிக்கு ஜெயில். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "கடன் பாக்கியில்லை" என்று துரை எழுதிய துண்டு வேண்டும். துண்டு இல்லாதவனை எவனும் வேலைக்கு எடுக்கமாட்டான். இந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆயிற்று.

வளைகுடா நாடுகளில் "கஃபாலா" என்று சொன்னார்களே, அதைக் கேட்டபோது எனக்கு இந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. முதலாளி சம்மதித்தால்தான் வேறு வேலை, முதலாளி சம்மதித்தால்தான் ஊருக்குத் திரும்ப முடியும். "ஓடிவிட்டான்" என்று முதலாளி போலீஸில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால், நேற்று வரை தொழிலாளியாக இருந்தவன் இன்றைக்குக் குற்றவாளி. கத்தார் போன்ற சில நாடுகள் இந்த விதிகளைத் தளர்த்தியிருக்கின்றன. அதுவும் தானாக வரவில்லை. உலகத் தொழிற்சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு வந்தது.

ஆகவே, பசி துரத்தி, கடன் துரத்தி, வயலில் தண்ணீர் இல்லாமல், ஆலை மூடிப் போனவனைப் பார்த்து "நீ ஏன் அந்த நாட்டில் வேலை செய்கிறாய்?" என்று கேட்க யாருக்கும் யோக்கியதை கிடையாது. அந்த நாட்டு எண்ணெயில் ஓடுகிற காரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறவருக்கு அறவே கிடையாது. வேலைக்குப் போவது சம்மதம் ஆகாது. மில்லில் வேலை செய்கிறவன் மில் முதலாளியின் கொள்ளைக்குச் சம்மதித்தவன் என்று யாராவது சொல்வார்களா? உழைப்பை விற்றோம். நியாயத்தைப் பற்றிய நம் அபிப்பிராயத்தை அந்த விலைக்குள் சேர்த்து விற்கவில்லை.

ஆனால் எல்லோருடைய பொறுப்பும் ஒன்றல்ல. யாருக்கு எவ்வளவு வழி இருக்கிறதோ அவ்வளவு பொறுப்பு. அந்தப் பிரம்படிக்கு முன்னால் ஒரு டாக்டர் வந்து பரிசோதித்து, "இவன் உடம்பு அடி தாங்கும்" என்று சான்று கொடுக்க வேண்டும். அடிக்கும்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நோயாளியைக் காக்கப் படித்த படிப்பு, இன்னும் எத்தனை அடி போடலாம் என்று சொல்ல உபயோகமாகிறது! நம் ஊரில் ஜனங்களின் வரிப்பணத்தில் டாக்டருக்குப் படித்து வெளிநாடு போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரை அந்த இடத்தில் நிற்கச் சொன்னால், "இந்த வேலை மட்டும் என்னால் ஆகாது" என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடைக்கும். ஜெயில் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த கூலியையும் அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்ட டாக்டரையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை.

கூலிக்கும் டாக்டருக்கும் நடுவில் இன்னொருவன் இருக்கிறான். அவன் நம்மவன், அவனைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். சூபர்வைசர், ஃபோர்மேன், கேம்ப் பாஸ் என்று அவனுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். தமிழன்தான், நம் தாலுகாக்காரனாகவும் இருப்பான். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி முதலாளியின் பெட்டியில் வைக்கிறவன் அவன். சம்பளம் கேட்டவனை "ஓடிப்போனவன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளிக்கு யோசனை சொல்கிறவன் அவன். தன் அறைத் தோழனைப் போலீஸில் காட்டிக்கொடுத்து ஐம்பது ரூபாய் அதிகச் சம்பளம் வாங்குகிறவன் அவன். பழைய கங்காணி செத்துவிட்டான் என்று நினைத்தோம். தொப்பி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்! பசி என்று அவன் சொன்னால் ஏற்க முடியாது. அவன் வயிறு நிறைந்த பிறகுதான் அந்த வேலைக்கு வந்தான்.

மலாயாவுக்குப் போன ஒருவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைத் தாலுகா தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி. சின்ன வயதிலேயே கடல் கடந்தவர். நேதாஜியின் இயக்கத்தில் பங்கு கொண்டவர். யுத்தம் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது, ரப்பர் தோட்டத்துத் தமிழனையும் சுரங்கத்துச் சீனனையும் துறைமுகத்து மலாய்க்காரனையும் ஒரே சங்கத்தில் சேர்க்கப் பாடுபட்டவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டத்துத் துரைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலைச் சட்டம் வந்தது. சம்மேளனம் தடை செய்யப்பட்டது. கையில் ஆயுதம் இருந்தால் தூக்கு. அந்த ஆயுதத்தால் ஒருவனையாவது சுட்டானா, சுட நினைத்தானா என்ற கேள்வியே கிடையாது. 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் பக்கத்தில் கணபதியைப் பிடித்தார்கள். ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா. அதைப் போலீஸில் ஒப்படைக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னார். அதே மாத நடுவில் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். இந்திய சர்க்கார் கேட்டுப் பார்த்தது. இங்கே ஜனங்கள் கண்டனம் செய்தார்கள். மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள், அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அப்போது லண்டனில் ஆட்சியில் இருந்தது லேபர் பார்ட்டி, தொழிலாளர் கட்சி! "முரட்டுச் சட்டம் என்பது அரபு தேசத்து வழக்கம், மதத்தின் கோளாறு" என்று பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். கணபதியின் கழுத்தில் விழுந்த கயிறு வெஸ்ட்மினிஸ்டர் கயிறு.

அந்தக் காலத்தில் மலாயாவிலும் சில தமிழ்ப் பெரியவர்கள் இருந்தார்கள். "வந்த நாட்டில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? விருந்தாளிக்கு என்ன வாய்?" என்று பேசினார்கள். இன்றைக்கும் அதே வாதம் கேட்கிறது. விருந்தாளியா? வட்டிக்கு வாங்கிய லட்சக்கணக்கான பணத்தை ஏஜெண்டுக்குக் கட்டி, பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, ஒரே அறையில் பத்து பேராகப் படுக்கிறவனை எந்த ஊரில் ஐயா விருந்தாளி என்கிறார்கள்? வீட்டைக் கட்டுகிறவன் அவன். அந்த வீட்டில் நடக்கும் நியாய அநியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

உரிமை உண்டு, ஆனால் அங்கே நின்றுகொண்டு சொல் என்று நான் அவனை ஏவமாட்டேன். 2012 நவம்பரில் சிங்கப்பூரில் சீனத்திலிருந்து வந்த பஸ் டிரைவர்கள் நூற்றுக்கணக்கானோர் சம்பள வித்தியாசத்தை எதிர்த்து வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை, 29 பேரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். குடும்பத்தைத் தோளில் சுமக்கிறவனிடம், மேடையில் பத்திரமாக நிற்கிற நான் "நீ போய் தலையைக் கொடு" என்று சொன்னால் அது வீரமாகாது. அங்கே அவன் செய்ய வேண்டியது சொற்பம்: காட்டிக்கொடுக்காதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, அடிபட்டவனுடைய வீட்டுக்குச் சேதி அனுப்பு, ஊருக்கு வந்ததும் பார்த்ததைப் பார்த்தபடி சொல். கத்துகிற வேலை நம்முடையது. நமக்குத்தான் இங்கே பிரம்பு இல்லை.

ஊருக்கு வந்து எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இன்னொருவர் இருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கத்து வாட்டாக்குடி இரணியன். அவரும் மலாயா, சிங்கப்பூர் போனவர்தான், அங்கே தொழிற்சங்கம் பார்த்தவர்தான். திரும்பி வந்து, "துரை எப்படி அடக்கி ஆளுகிறான் பாருங்கள், நாமும் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றா சொன்னார்? அங்கே கண்ட அநியாயமும் இங்கே கண்ட அநியாயமும் ஒரே ஜாதி என்று அவருக்குப் புரிந்தது. பண்ணையாட்களைத் திரட்டினார். 1950 மே மாதம் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. கணபதியின் உயிருக்காக வெள்ளைக்காரனிடம் மன்றாடிய அதே சுதந்திர நாட்டில்தான், 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறைக்குள் கைதிகளைச் சுட்டு 22 பேரைக் கொன்றார்கள். பிறத்தியான் ஜெயிலுக்கு அழுத கண்ணுக்குத் தன் ஜெயில் தெரியவில்லை.

இனி அரபு நாட்டுக்கு வருவோம். இலங்கையில் மூதூர். அங்கிருந்து ஒரு தமிழ் பேசும் ஏழை முஸ்லிம் பெண் 2005ல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வயது 17. பாஸ்போர்ட்டில் அவளைப் பல வயது மூத்தவளாக ஆக்கி அனுப்பினான் ஏஜெண்டு. போன சில நாளில், அவள் பாலூட்டிக்கொண்டிருந்த எஜமான் வீட்டுக் கைக்குழந்தை இறந்துபோயிற்று. புரையேறிற்று என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றார்கள் அவர்கள். முதல் விசாரணையில் அவளுக்கு வக்கீல் இல்லை. அவள் பேச்சை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்று மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. 2007ல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் தேதி தலையை வெட்டினார்கள். அதற்குப் பிறகு இலங்கை சர்க்கார் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தலை போனபிறகு தூதர் வந்து என்ன? வயதைத் திருத்தினவனை ஊரிலேயே பிடித்திருந்தால் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

அந்நாடுகளின் சட்டத்தில் ஒரு வழி உண்டு. கொல்லப்பட்டவனுடைய குடும்பம் மன்னித்தால் உயிர் தப்பலாம். பெரும்பாலும் அதற்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். இதைப் பற்றி இரண்டு விதமாகத்தான் என்னால் பேச முடிகிறது. பணக்காரனுக்கு இது வாசல், ஏழைக்கு இது சுவர். ஆனால் 2017ல் நடந்த ஒன்றையும் மறைக்க முடியாது. குவைத்தில் தஞ்சை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் கையால், கேரளத்து மலப்புரத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். இவருக்கு மரண தண்டனை. இவருடைய மனைவி, கையில் காசில்லாமல், பாஷை தெரியாமல், செத்தவருடைய மனைவியைத் தேடி மலப்புரத்துக்குப் போனார். ஒருத்தி புருஷனை இழந்தவள், மற்றொருத்தி இழக்கப் போகிறவள். 30 லட்சம் ரூபாய் வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதியை மலப்புரத்து முஸ்லிம் பெரியவர்கள் ஜனங்களிடம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த விதவை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. அந்தப் பணத்தை அவர் வாங்கியதைக் குறைசொல்லுகிறவன் அவர் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுச் சொல்லட்டும். இரண்டு குடும்பமும் கூலிக் குடும்பம். அந்த முப்பது லட்சத்தில் குவைத்து முதலாளி ஒரு தினார் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நம் தோழர்களில் சிலருக்கு மனத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "எல்லாம் சரி, சீனாவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" சொல்லத்தான் வேண்டும். அங்கே மரண தண்டனை உண்டு. வருஷத்துக்கு எத்தனை பேர் என்பது சர்க்கார் ரகசியம். சிவப்புக் கொடி பறக்கிறது என்பதற்காக அதற்கு மட்டும் வேறு தராசு பிடிக்க முடியாது. நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் டில்லியில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள்.

சட்டம் மாறாத பாறை அல்ல. கணபதியைக் கொன்ற சட்டத்தில் நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். குற்றம் நிரூபணமானால் தூக்கு, வேறு வழியில்லை. அதே அச்சில் வார்த்ததுதான் 1975ல் சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்குக்கு வந்த கட்டாயத் தூக்கு. 2022 ஏப்ரலில் மலேசியாவில் பிறந்த ஒரு தமிழ் இளைஞனை, சுமார் 43 கிராம் ஹெராயின் கொண்டுவந்ததற்காக அங்கே தூக்கிலிட்டார்கள். புத்தி வளர்ச்சி குறைந்தவன் என்று வக்கீல்கள் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார்கள். ஆனால் பக்கத்து மலேசியா 2023ல் கட்டாயத் தூக்கை ஒழித்துவிட்டது. கணபதி செத்து 74 வருஷம் கழித்து அந்த மண்ணில் நீதிபதியின் கை அவிழ்ந்தது.

கடைசியாக நம் வாசலையும் பார்க்க வேண்டும். நம் ஊரிலும் வெளியூரான் இருக்கிறான். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த இலங்கைக்காரர்கள் நால்வரை, முப்பது வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்த பிறகும், வீட்டுக்கு அனுப்பாமல் எங்கே கொண்டுவந்தார்கள்? நம் திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமுக்கு. நம் ஊர்க் கட்டடங்களில் ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் சாரம் ஏறுகிறான். தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் முதலில் எவனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டுகிறோம்? சிங்கப்பூரில் நம் பையனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கிறோமே, நம் போலீஸ் ஸ்டேஷனில் இந்தி பேசுகிறவனுக்கு யார் பேசுகிறார்கள்?

ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினம் என்று தமிழக சர்க்கார் 2022 முதல் கொண்டாடுகிறது. நல்லது. அன்றைக்குப் பெரிய தொழிலதிபர்களுக்குச் சால்வை போடுவதோடு, வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர்களின் ஜாபிதாவையும் சபையில் வாசிக்கட்டும். தமிழ் தெரிந்த வக்கீலையும் மொழிபெயர்ப்பாளரையும் முதல் நாள் விசாரணைக்கே சர்க்கார் செலவில் அனுப்பட்டும். தண்டனையின் மிச்சக் காலத்தை இந்தியச் சிறையில் கழிக்க 2003ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அங்கிருந்து கொண்டுவரட்டும். பதிவில்லாத ஏஜெண்டு ஆள் எடுப்பது குற்றம் என்று 1983லேயே சட்டம் போட்டார்கள். எந்த ஏஜெண்டு எந்தத் தெருவில் போர்டு இல்லாமல் கடை வைத்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். போலீஸுக்கும் தெரியும்.

போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் உங்களைப் பிடித்தாலும், "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1963ஆம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறது. படித்துப் பார்க்க முடியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் கொடுத்தாலும், மாமன் மச்சான் கொடுத்தாலும், உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்காமல் பார்சலை வாங்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சங்கத்திலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பொங்கலுக்குள் பிரயாணம் என்று ஏஜெண்டு தேதி சொன்னவர்கள் இங்கே சில பேர் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் அவன் கொடுத்த காகிதங்களோடு மேடைக்குப் பின்னால் வாருங்கள். இங்கிலீஷ் படித்த தோழர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், வரிக்கு வரி படித்துச் சொல்வார்கள். வீட்டிலிருக்கிற தாய்மார்களும் கூட வரலாம். நகல் யாரிடம் இருக்கப்போகிறதோ அவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரிய வேண்டும்.